மூலச் சொல்லுக்கு எண்பது காசு

எடை போடும் கொட்டகைக்குப் பின்னால்
மூன்றாவது சில்வர் ஓக் மரத்தடியில்தான்
கொளப்பள்ளியில் எனக்கு சிக்னல்.
சாக்குக்குள் மடிக்கணினி, மேலே குடை,
குடைக்கு மேலே ஆடி மழை.
சென்னையிலிருந்து கோப்பு வந்துவிட்டது:
அமெரிக்கக் குடியேற்றக் கால வரலாறு,
கலைச்சொல் நானூற்றுப் பன்னிரண்டு, விளக்கத்தோடு.

முதல் நாள் வேகமாகத்தான் போனது.
ஆளுநர், சாசனம், கூட்டுப்பங்கு நிறுவனம்,
சூனியக்காரி விசாரணை.
மெர்க்கன்டிலிசத்துக்கு வணிகவாதம் என்று போட்டுவிட்டு
ஆறிப்போன இட்லி தின்றேன்.

'இன்டென்ச்சர்' வந்ததும் கை நின்றது.
ஒரே தாளில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி
நடுவே பல்பல்லாக வெட்டுவார்களாம்.
ஒரு பாதி எஜமானுக்கு, மறுபாதி ஆளுக்கு.
வழக்கு என்று வந்தால்
பல்லோடு பல் பொருத்திப் பார்ப்பார்கள்.
ஒப்பந்தக் கூலி என்று எழுதினேன்.
"கூலி வேண்டாம், வசைபோல் ஒலிக்கிறது.
பணியாளர் என்று மாற்றவும்"
என்றார் எடிட்டர் ஜெபரத்தினம்.
ஐயா, அந்தச் சொல்லோடுதான் என் வீட்டார்
போகையில் ஒருதரம், திரும்புகையில் ஒருதரம்
கடல் தாண்டினார்கள்.
தட்டச்சு செய்தேன், அனுப்பவில்லை.
பணியாளர் என்று மாற்றினேன்.

வர்ஜீனியாவில் ஓர் ஆளைக் கூட்டிவந்தால்
ஐம்பது ஏக்கர்.
வந்தவனுக்கு அல்ல. கூட்டிவந்தவனுக்கு.
இதற்கு அகராதியே தேவைப்படவில்லை.
கண்டிச் சீமையில் கங்காணி
தலை எண்ணி வாங்கிய பணத்துக்கு
எங்கள் லயத்தில் இன்னும் பெயர் இருக்கிறது: தலைக்காசு.
அவர் 'தலையுரிமை' என்றார்.
யார் தலை, யார் உரிமை என்று கேட்டேன்.
நீல டிக் விழுந்தது.

'நலம் பயக்கும் புறக்கணிப்பு' என்றொரு கொள்கை.
லண்டன் கண்டுகொள்ளாமல் விட்டதால்
காலனிகள் தாமே செழித்தனவாம்.
லயத்துக் கூரைக்காக ஐந்து மனு கொடுத்திருக்கிறோம்.
புறக்கணிப்பு வந்து சேர்ந்துவிட்டது,
நலம் இன்னும் பந்தலூர் தாண்டவில்லை.

பாஸ்டன் துறைமுகத்தில்
முந்நூற்று நாற்பத்திரண்டு பெட்டித் தேயிலையைக்
கடலில் கொட்டியதைப் படித்துக் காட்டினேன்.
கொழுந்துப் பையை இறக்கிக்கொண்டே
தங்கை புஸ்பலீலா கேட்டது ஒன்றுதான்:
"ஈர எடைக்கு எவ்வளவு பிடிச்சானுங்க?"

இப்படி எதையும் எங்கள் வாசலுக்கு
இழுத்துவந்துவிடலாம் என்று
ஒரு திமிர் ஏறியிருந்தது எனக்கு.
'மிடில் பாஸேஜ்' அதை உடைத்தது.
நடுக்கடல் பயணம் என்று எழுதினேன்.
சொல் சரி. கனம் தப்பு.
சங்கிலி, இருட்டு,
ஆளுக்குச் சவப்பெட்டி அகலம்கூட இல்லாத பலகை,
வழியில் கடலுக்குள் வீசப்பட்டவர்களின் எண்ணிக்கை.
அப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது பத்து வயது.
கையில் டிக்கெட் இருந்தது,
தாளில் பெயர் இருந்தது, பிழையோடுதான்.
வாந்தி எடுத்தார். இராமேஸ்வரத்தில் இறங்கினார்.
இறங்கினார்.
அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில்
எங்கள் கதையை வைக்காமல்
கணினியை மூடிவிட்டு நின்றேன்.
கீழ்ச்சரிவில் யானைக்கு வெடி போட்டார்கள்.
அட்டை கடித்த இடம் அப்புறம்தான் தெரிந்தது.

கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தது 'பிளான்டேஷன்'.
அடிக்குறிப்பு சொன்னது:
ஆரம்பத்தில் அதற்குப் பொருள்
பயிர் நட்ட இடம் அல்ல,
ஆட்களைக் கொண்டுபோய் நட்ட இடம்.
எனவே தோட்டம் என்று எழுதக் கூடாது,
குடியிருப்பு என்க.
சுற்றிலும் பார்த்தேன்.
எட்டெட்டு வீடாக லயம்,
வரிசை பிசகாத செடி.
தோட்டம் என்றே விட்டேன்.
வேண்டுமானால் அவர் மாற்றிக்கொள்ளட்டும்.

ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது சொல்,
ஏழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு
வெள்ளிக்கிழமை பணம் ஏறியது.
குறுஞ்செய்தியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள் புஸ்பலீலா:
"உன் சொல்லும் நனைஞ்சுதான் இருந்திருக்கு."